ஏறாத தவணை

நாலு மணிக்குத்தான் வெளியே விடுவார்கள். இப்போது மூன்றரை இருக்கும். கைபேசியை எடுத்தால் சரியாகத் தெரிந்துவிடும், ஆனால் எடுத்தால் காலையிலிருந்து வந்து கிடக்கும் மெசேஜ்களையும் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் மூன்றரை என்றே வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடையின் பின்வாசல் சந்தில் வண்டியை ஓரங்கட்டி அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். முன்வாசல் பெரிய கடைவீதியில் இருக்கிறது, அங்கே பன்னீர் தெளித்துக் கும்பிட்டு அழைக்கிறார்கள், உள்ளே பாதித் திருச்சியைக் குளிர வைக்கிறார்கள், அந்தக் குளிருக்காகப் பிடுங்கிய சூட்டையெல்லாம் வரிசையாக மாட்டிய ஏசி பெட்டிகள் வழியாக இந்தச் சந்தில் கொட்டுகிறார்கள். முழங்காலில் அடிக்கிறது. நகர்ந்து உட்காரலாம், அந்தப் பக்கம் சாக்கடை. அமுதா இரண்டாவது மாடியில் பட்டுப் பிரிவில் இருக்கிறாள், பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். டீ குடிக்க ஐந்தைந்து பேராக இந்தக் கதவு வழியாக வெளியே விடுவார்கள், அவள் முதல் ஐந்தில் வருவாள், குடித்துவிட்டு உள்ளே போனதும் சூப்பர்வைசர் சவுந்தரிடம் இந்த மாசத்தோடு வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறாள். டீக்கு அப்புறம்தான் அந்த ஆள் மனுஷனாக இருப்பானாம். காலையில் சோற்றை டப்பாவில் அமுக்கிக்கொண்டே கேட்டாள், இன்றைக்குச் சொல்லிவிடட்டுமா என்று. சொல்லிரு என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். சொல்லிரு. அப்போது நான் பேங்குக்குப் போயிருக்கவில்லை.

சொல்லிவிட்டால் முடிந்தது. தீபாவளிக்கு முன்னால் யாராவது விலகுகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், மறுநாளே முசிறியிலிருந்தோ துறையூரிலிருந்தோ ஒரு சின்னப் பெண் வந்து அந்த இடத்தில் நிற்பாள், அவளுக்குச் சம்பளமும் குறைவு, முழங்காலும் புதுசு. இல்லைண்ணே, சும்மா சொன்னேன், திரும்ப எடுத்துக்கோங்க என்று அவள் நாற்பத்தெட்டு வயதில் போய்க் கேட்க முடியாது. போன் பண்ணலாம் என்றால் போனையெல்லாம் காலையிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தச் சந்து. வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டான், பெண்கள் வருகிற வாசல் சார், இங்கே நிற்கக் கூடாது என்றான். என் வீட்டுக்காரி என்றேன். எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். ஐம்பத்து நாலு வயதில், காதோரம் பூராவும் வெளுத்து, பெண் பிள்ளைகள் வாசலில் காத்து நிற்பவன் என்று பெயர் வாங்கியாயிற்று. அதுவும் ஒரு பெயர்தான். எப்படி ஆரம்பிப்பது? அமுதா, ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயம் என்றால் பயந்துவிடுவாள், நான் சின்ன விஷயம் என்று சொன்னதெல்லாம் பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. அமுதா, பேங்குக்குப் போனேன். அது சரி. அதற்கு அடுத்த வரிதான் வரவில்லை.

அடுத்த வரியை பேங்கில் அந்தப் பெண் சொன்ன மாதிரியே சொல்லிவிடலாம். எவ்வளவு அழகாகச் சொன்னாள். ஏறலைல்ல சார், அதான். என் தப்பு, கையில் ஸ்வீட் பாக்ஸோடு போனது. கடன் முடிகிற அன்றைக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நானாக ஒரு சாஸ்திரம் வைத்துக்கொண்டு, முக்கால் கிலோ நெய் ஜாங்கிரி வாங்கி, போன உடனே, ஒரு வார்த்தை விசாரிப்பதற்கு முன்னாலேயே, மேஜை மேல் வைத்து, எல்லாரும் எடுத்துக்கோங்க, வீட்டுக் கடன் முடியுது என்றேன். பதினைந்து வருஷமா சார், கங்கிராட்ஸ் சார் என்று காசாளர் வரைக்கும் வந்து எடுத்துக்கொண்டார்கள். பத்திரத்தைத் திரும்ப வாங்க என்னென்ன கொண்டுவரணும், என் மிஸஸும் கையெழுத்துப் போடணுமா என்று கேட்டேன். அந்தப் பெண் ஒரு கையில் பாதி ஜாங்கிரியோடு இன்னொரு கையால் கணக்கு எண்ணைத் தட்டினாள். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாதி ஜாங்கிரியை ஒரு காகிதத்தில் வைத்தாள். தாயுமானவன் சார், இது இந்த மாசம் முடியலையே என்றாள். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். இன்னும் மூணே முக்கால் வருஷம். எனக்கு ஒன்றும் புரியவில்லை, நான் ஒரு மாசம் தவறினதில்லை என்றேன். தவறவே இல்ல சார், ரொம்ப நல்ல கஸ்டமர் என்றாள். அப்புறம்தான் சொன்னாள், நடுவில் வட்டி ஏறினபோதெல்லாம் உங்களுக்குத் தவணைத்தொகை ஏறலைல்ல சார், அதான் மாசம் ஏறிருக்கு. நல்ல பெண். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சுற்றி நாலு பேர் என் ஜாங்கிரியைத் தின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள். பாக்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வர முடியுமா என்ன.

ஏறலைல்ல சார், அதான். ஏறாததை நான் எவ்வளவு கொண்டாடியிருக்கிறேன். துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் நான் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர், மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக் கோட்டை விடாமல் படிக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, வெர்னியர் அளவுகோலைக் கையில் கொடுத்து, கண்ணை நேராக வைத்துப் பார்ரா, சாய்ச்சுப் பார்த்தா சாய்ஞ்சுதான் தெரியும் என்று வருஷா வருஷம் கத்துகிறேன். ஸ்டாஃப் ரூமில் எலெக்ட்ரிக்கல் ஆரோக்கியசாமி தன் வீட்டுத் தவணை ஆயிரத்து நானூறு ஏறிவிட்டது என்று தலையில் கைவைத்தபோது, எனக்கு ஆரம்பத்திலிருந்து ஒரே தொகைதான் சார், பதினஞ்சாயிரத்து இருநூத்திப் பதினாலு, ஒரு ரூபாய் ஏறினதில்ல என்று சொன்னேன். அதிர்ஷ்டம் சார் உங்களுக்கு என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பேங்க் மேனேஜருக்கு என் முகராசி பிடித்துப்போயிருக்கும் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். வருஷத்துக்கு ஒரு காகிதம் கொடுப்பார்கள், அதில் இந்த வருஷம் எவ்வளவு கட்டினேன் என்பதை மட்டும் பார்ப்பேன், கட்டினதைப் பார்க்கத்தான் சந்தோஷமாக இருக்கும், மற்றதெல்லாம் பொடி எழுத்து. மடித்து பீரோவில் வைத்துவிடுவேன். கண்ணை நேராக வைத்துப் பார்ரா. அமுதாவிடம் இதைச் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டாலும் அவளுக்கே தோன்றும்.

ஓலையூர்ப் பக்கம் ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால், வாசலில் ஒரு கறிவேப்பிலை. கட்டினபோது அக்கம்பக்கம் வெறும் கருவேலங்காடு, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பாம்பு வருமா என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். மகள் பவதாரணிக்கு அப்போது அஞ்சு வயது, ஒவ்வொரு அறையாக ஓடிப்போய், இது நம்மளுதா, இது நம்மளுதா என்று கேட்டாள். எல்லாம் நம்மளுதுதான், பெரியவருக்கு மட்டும் மாசாமாசம் கொடுக்கணும் என்று அமுதா சொன்னாள். அன்றிலிருந்து கடனுக்குப் பெரியவர் என்று பெயர். அஞ்சாம் தேதி பெரியவர் வருவார், அதனால் நாலாம் தேதி எங்கள் வீட்டில் யாரும் எதுவும் வாங்க மாட்டோம், ஒரு கட்டுக் கீரைகூட. பெரியவருக்குக் கொடுத்தாச்சா என்று அமுதா கேட்பாள், கொடுத்தாச்சு என்றால்தான் வீட்டில் வெங்காயம் வதங்கும் வாசனை வரும். ரொம்ப நாளைக்குப் பவா யாரோ ஒரு தாத்தாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அவர் ஏன் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை என்று கேட்டாள். வராமலே சாப்பிட்டார். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அவருக்குப் போய்விடும், மிச்சம் பெட்ரோலும் கரண்டும் பவாவின் பீஸும், அரிசி பருப்பெல்லாம் அமுதாவின் சம்பளம். வீட்டுக்கும் வயதாகிவிட்டது. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறி ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது, மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது, ஜன்னல் கதவு மழைக்கு உப்பி மூடாது, வெயிலுக்குச் சுருங்கித் திறந்துகொள்ளும். நாங்களும் அப்படித்தான், எனக்கு ரெண்டு பல் போயிற்று, அவளுக்குக் கால். எல்லாம் பழசாகிவிட்டது, கடன் மட்டும் நேற்று வாங்கின மாதிரி திடமாக இருக்கிறது.

சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? அவள் விலகிக்கொள்ளட்டும், கடன் முடிந்துவிட்டது என்றே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். எப்படிப் பார்த்துக்கொள்வாய். சாயங்காலம் ஏதாவது லேத் பட்டறையில் போய் நிற்கலாம், அரியமங்கலத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஐம்பத்து நாலு வயது ஆளை ராத்திரி ஷிஃப்டுக்கு எவன் கூப்பிடுவான், என்னிடம் படித்த பையனே பட்டறை வைத்திருக்கிறான், வாங்க சார் உட்காருங்க சார் என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவான். பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டிவிடலாம், ஆனால் அது பவாவின் கல்யாணம், கல்யாணம் வேண்டாம் மேலே படிக்கிறேன் என்கிறாள், அப்போது அது படிப்பு, எப்படியும் அது வேறு ஒன்றுக்கு என்று வைத்தது. அதோடு மெக்கானிக்கலில் இந்த வருஷம் பதினோரு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். பதினோரு பையன்களுக்கு எதற்கு மூன்று இன்ஸ்ட்ரக்டர் என்று பிரின்சிபால் இன்னும் கேட்கவில்லை, கேட்கப்போகிறார், அவருடைய நடையிலேயே தெரிகிறது. என் வேலை போய், அவளும் வேலையை விட்டிருந்தால்? இல்லை, இதை இப்போது நினைக்கக் கூடாது. நகையை வைக்கலாம் என்றால் இருப்பதே அவள் கழுத்தில் இருப்பதுதான். வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம், அப்படியானால் இந்தப் பதினைந்து வருஷம் எதற்கு, எதற்காக அவள் அங்கே போய்? மூணே முக்கால் வருஷம். முழுதாக நாலு என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை, அந்த முக்கால்தான் நெஞ்சில் குத்துகிறது, மளிகைக் கடையில் எடை போடுகிற மாதிரி. எதிர்ச் சுவரில் ஒரு மூட்டை சாய்ந்திருக்கிறது, கோணிக்குள்ளிருந்து ஒரு பொம்மைக் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சேலை கட்டி நிறுத்துகிற பொம்மை, உடைந்துபோயிருக்கும். அதை எதற்குப் பார்க்கிறேன்.

அவள் காலைப் பார்த்தால் தெரியும். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருட்டிக்கொண்டு, ராத்திரி நல்லெண்ணெய் தடவும்போது என் விரலுக்கு ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாகத் தட்டுப்படும். பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், நிக்கிற வேலையை விட்டுருங்கம்மா என்று டாக்டர் மூன்றே வார்த்தையில் வைத்தியம் சொன்னார். கடை விதிப்படி ஃப்ளோரில் யாரும் உட்காரக் கூடாது, கஸ்டமர் இல்லாவிட்டாலும் கூடாது, கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு அமுதா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள், புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்பாளாம், விலை பேசுவதுகூட அப்புறம்தான். ஒரு சேலையைக் கை தவறினாற்போல் கீழே விட வேண்டும். உட்கார்ந்து மடிக்க வேண்டும். பட்டு என்பதால் மெதுவாகத்தான் மடிக்க வேண்டும், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை சேலை விழும் என்று பவா சிரித்துக்கொண்டே கேட்டாள். முகூர்த்த நாள்ல நிறைய விழும்டி என்றாள் இவள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு ராத்திரி அழுகை வந்தது, ஆனால் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தேன். கடன் முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் காலைச் சுவத்துல தூக்கிவச்சுப் படுக்கணும் என்றாள். வேறு? வேறு ஒன்றும் இல்லை. ஏதாவது கோயில் குளம், ஊர் பார்க்கிறது? யோசித்துவிட்டு, அப்புறம் சாயங்காலம் எந்திரிச்சுக் காபி போட்டுக் குடிக்கணும் என்றாள். இவ்வளவுதான் அவள் இந்த உலகத்திடம் கேட்டது, அதற்கும் மூணே முக்கால் வருஷம் ஆகும் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாமா. வாட்ச்மேன் நிம்மதி அடைவான். சவுந்தரிடம் அவள் சொல்லிவிடுவாள், ராத்திரி வீட்டுக்கு வருவாள், செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, சொல்லிட்டேங்க என்பாள். அப்போது என்ன சொல்வேன்? ஏறலைல்ல, அதான்.

கதவு திறந்துவிட்டது. கைபேசியைப் பார்க்காமலேயே நாலு ஆகிவிட்டது. ஒரே நிறச் சேலையில் ஐந்து பேர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலுக்கு வருகிறார்கள். அமுதாவுக்கு என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது, வேகமாக வந்தாள், வேகம் என்றால் அவளால் முடிகிற வேகம்.

"என்னங்க, பவாவுக்கு ஏதாச்சுமா?"

இல்லை என்றேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, யாருக்கும் ஒன்றும் இல்லை. கூட வந்தவர்கள் டீக்கடைக்கு நகர்ந்தார்கள், ஒருத்தி அவளுக்கும் ஒரு டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். சவுந்தரிடம் சொல்லிவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டேன். இன்னும் இல்லை, இனிமேதான் என்றாள். எனக்கு மூச்சு வந்தது, வந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன், ஜாங்கிரியில் ஆரம்பித்து, அந்தப் பெண் திரையைத் திருப்பினது, ஆரோக்கியசாமி, வட்டி, பொடி எழுத்து, கடைசியில்தான் மூணே முக்கால் வருஷம் வந்தது. அவள் டீயில் ஆடை படிந்தது, விரலால் ஓரத்தில் ஒதுக்கினாள். பக்கத்தில் ஏசி பெட்டி இரைந்துகொண்டிருந்ததால் சில வார்த்தைகளை நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது, மூணே முக்காலையும் இரண்டு தடவை சொன்னேன்.

"வீட்டை ஒண்ணும் பண்ணிட மாட்டாங்கள்ல?"

"சே. அதெல்லாம் இல்ல. கட்டிக்கிட்டே இருந்தாப் போதும்."

தலையாட்டினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும், படிச்ச மனுஷன்தானே நீங்க என்று ஒரு வார்த்தை கேட்டால்கூட நான் இந்தச் சந்திலேயே ஒப்புக்கொண்டுவிடுவேன். அவள் டீயைக் குடித்தாள். பாதி குடித்துவிட்டு மிச்சத்தை என்னிடம் நீட்டினாள், நான் மத்தியானம் சாப்பிடவில்லை என்று எப்படித்தான் தெரிந்ததோ. வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் வாங்கிக்கொண்டேன். கதவுக்குப் பக்கத்திலிருந்து மற்றவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். நான், வேணும்னா நீ விட்டுடு அமுதா, ஏதாவது பண்ணிக்கலாம் என்றேன். அந்த ஏதாவது எவ்வளவு மெலிதாக வந்தது என்பது எனக்கே கேட்டது. அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சவுந்தர் அண்ணன்கிட்ட ஒரு ஸ்டூல் கேட்டுப் பாக்கறேன்," என்றாள். "கேட்டாக் குடுக்கணும்னு இப்ப சட்டமே இருக்காம். போகப்போறவதானே, எதுக்கு வம்புன்னுதான் கேக்காம இருந்தேன்."

ராத்திரிக்குத் தோசைமாவு இருக்கிறது, சட்னி மட்டும் அரைத்து வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். கதவுக்கு உள்ளேயே படிக்கட்டு. லிஃப்ட் கஸ்டமர்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. மற்ற நாலு பேரும் ஏறிப் போய்விட்டார்கள். அமுதா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஒரு படியில் வைத்தாள், இடது காலை அதே படிக்குக் கொண்டுவந்தாள், கொஞ்சம் நின்றாள், அப்புறம் அடுத்த படி. வாட்ச்மேன் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.